நான் போடாத குளோன்

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில்தான் அந்தக் கம்பெனியில் சேர்ந்தோம். கம்பெனி என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. நேரு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஜவுளிக்கடை குடோனுக்கு மேல்மாடியில் மூன்று அறைகள், ஆறு கம்ப்யூட்டர்கள், எப்போதும் முனகிக்கொண்டிருக்கும் ஒரு இன்வெர்ட்டர். ஓட்டல்களுக்கும் கெஸ்ட் ஹவுஸ்களுக்கும் வெப்சைட் செய்து கொடுப்பது வேலை. மூலக்குளத்திலிருந்து எனக்கு வண்டியில் இருபது நிமிஷம். அவளுக்குப் பாகூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல், பஸ்ஸில், பெரும்பாலும் நின்றுகொண்டே.

நான் கான்வென்டில் படித்தவள். பள்ளியில் பிரெஞ்சும் எடுத்திருந்தேன். அவள் கவர்மென்ட் ஸ்கூல், தமிழ் மீடியம். வீட்டில் நெல்லும் கரும்பும் போடுகிறார்கள். இன்டர்வியூ அன்றைக்கு பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "இங்கிலீஷ்ல கேட்டாங்கன்னா எனக்கு வாயே வராது. உனக்கு?" என்று கேட்டாள். "எனக்கு வரும்" என்றேன். அந்த பதிலில் இருந்த மிதப்பு எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்த நாட்களில் எங்கள் வேலை இப்படித்தான் நடந்தது: பிஹெச்பி என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு ஓட்டலுக்கு எழுதிய ஃபைலை அப்படியே காப்பி எடுத்து அடுத்த ஓட்டலுக்குப் பெயரையும் படத்தையும் மாற்றிப் போடுவது. ஒரு ஃபைல் மூவாயிரம் வரி ஓடும். ஒரு இடத்தில் தப்பைத் திருத்தினால் மற்ற எட்டு இடத்தில் அது அப்படியே இருக்கும். பிஹெச்பியின் நாலாம் பதிப்பிலிருந்து ஐந்தாம் பதிப்புக்கு ஊரெல்லாம் மாறிக்கொண்டிருந்த சமயம். "இனிமே எல்லாம் கிளாஸ், ஆப்ஜெக்ட்டுன்னுதான் எழுதணுமாம். ரெண்டு பேரும் போய்க் கத்துக்கிட்டு வாங்க" என்று முதலாளி எங்களைச் சாரம் பகுதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பு. பன்னிரண்டு பேர், ஆறு மெஷின். நானும் அவளும் ஒன்றில்.

சொல்லிக்கொடுத்தவருக்கு எங்களைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். பழைய பிரிண்ட் அவுட் ஒன்றை வைத்துக்கொண்டு, கிளாஸ் என்றால் காரின் வரைபடம், ஆப்ஜெக்ட் என்றால் ரோட்டில் ஓடும் கார், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் என்று போர்டில் படம் போட்டார். நான் நோட்டில் அழகாக எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் கார்தான் இருந்தது, ஒன்றும் புரியவில்லை. எதற்காக ஒரு ஃபங்ஷனை எடுத்து ஒரு கூண்டுக்குள் போட வேண்டும்? ஏன் ஒவ்வொரு தடவையும் 'திஸ்' என்று எழுத வேண்டும்? அது யாரைச் சொல்கிறது? கேட்கக் கூச்சமாக இருந்தது. வகுப்பில் ஓரளவு இங்கிலீஷ் பேசக்கூடியவள் நான் ஒருத்திதான். அதனால் புரிந்தவள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அந்த நினைப்பைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை.

அவள் ஒளிக்கவே இல்லை. "எனக்குப் புரியல சார்" என்று மூன்று தடவை எழுந்து கேட்டாள். மூன்றாவது தடவை மற்றவர்கள் சிரித்தார்கள். அப்புறம் அவள் வகுப்பை நம்பாமல், ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் பிஹெச்பியின் கையேட்டை இன்டர்நெட்டில் திறந்து, பக்கத்தில் டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு, கோடு போட்ட ஒரு நோட்டில் தமிழில் எழுத ஆரம்பித்தாள். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். டிபன் பாக்ஸ் திறந்தபடியே ஆறிப்போகும்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உனக்கும் புரியலல்ல?"

நான் சோற்றைப் பிசைய ஆரம்பித்தேன்.

"நம்ம பன்னெண்டு பேர்ல ஒருத்தர் ஊட்லயும் கார் இல்ல. அப்புறம் கார வச்சுச் சொன்னா எப்படிப் புரியும்? நான் சொல்றேன் கேளு."

அவள் காலேஜ் லீவில் எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனிக்குத் தினக்கூலிக்குப் போயிருக்கிறாள். குளியலறை மக் செய்யும் இடம். மெஷினிலிருந்து வந்து விழும் மக்கின் விளிம்பில் ஒட்டியிருக்கும் பிசிறை பிளேடால் சீவுவது அவள் வேலை. அங்கே அச்சை டை என்பார்கள்.

"டைதான் கிளாஸ். அதுல தண்ணி மொள்ள முடியாது. ஆனா மக்கு எப்படி இருக்கணும், கைப்பிடி எங்க இருக்கணும்னு எல்லாம் அதுலதான் இருக்கு. வந்து விழுறது ஆப்ஜெக்ட். பச்சத் தூள் போட்டா பச்ச, சேப்புப் போட்டா சேப்பு. அந்தத் தூளப் போடுற எடம்தான் கன்ஸ்ட்ரக்டர். நீ ஒரு மக்குல தண்ணி ஊத்தினா டை நனையுமா? பக்கத்து மக்கு நனையுமா? அந்த ஒரு மக்குதான் நனையும். அதுதான் திஸ்."

நான் சோற்றைப் பிசைந்தபடி நிறுத்திவிட்டேன். ஐந்து வாரமாக வராதது ஐந்து நிமிஷத்தில் உள்ளே இறங்கியது. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "மக்கப் பத்திச் சொன்னா மக்கு மாதிரி முழிக்கிறியேன்னு பாத்தேன்" என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகு தினமும் அரை மணி நேரம். எக்ஸ்டெண்ட்ஸ் என்றால், அதே டையில் மூடிக்கும் இடம் வெட்டி இன்னொரு டை. பிரைவேட் என்றால் சூப்பர்வைசர் மட்டும் திறக்கும் பெட்டி. ஒரு நாள் ஏதோ கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போகும் யோசனையில் நான் இருந்தபோது அவள் வேறொன்றைச் சொன்னாள்.

"நம்ம சார் பிரிண்ட் அவுட் பழசு. அதுல ஒரு ஆப்ஜெக்ட்ட இன்னொரு பேருக்குச் சமம்னு போட்டா, புதுசா ஒண்ணு வந்துரும். அஞ்சுல அப்படி இல்ல. ஒரு மக்குக்கு ரெண்டு பேரு வச்சா ரெண்டு மக்காயிடுமா? தனியா ஒண்ணு வேணும்னா குளோன்னு போடணும். புரியுதா?"

"ம்" என்றேன். தலையையும் ஆட்டினேன்.

எத்தனையோ பெரிய விஷயங்களுக்கு நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த "ம்" தான் எனக்கு அடிக்கடி கேட்கிறது.

வகுப்பு முடிந்த பின் வந்த முதல் பெரிய வேலை எல்லாரும் மதாம் என்று கூப்பிடும் ஒரு அம்மாவுடைய கெஸ்ட் ஹவுஸ். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பம். கணவர் பிரான்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்று இறந்துவிட்டார். ஐந்து அறைகள். வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கிருந்து வரும் வயதானவர்கள். அறையை வெப்சைட்டிலேயே பதிவு செய்யும்படி வேண்டும் என்றார். மதாமிடம் பேசுவது நான், எழுதுவது அவள். அறைக்கு ஒரு கிளாஸ், விருந்தாளிக்கு ஒரு கிளாஸ், பதிவுக்கு ஒரு கிளாஸ் என்று அவள் எழுதியதைப் பார்த்தால் சுத்தமாகப் பெருக்கிய வீடு மாதிரி இருந்தது. ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் எழுதியவர் பெயர் போட வேண்டும் என்பது ஆபீஸ் விதி. எல்லாவற்றிலும் அவள் பெயர் இருந்தது.

அதை முதலாளி கவனித்தார். "பொண்ணு பேசாத இருந்துக்கிட்டே நல்லா எழுதுதே" என்று என்னிடமே சொன்னார். நான் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வாக்கியம் கூடவே வந்தது. இன்டர்வியூ பெஞ்சில் வாய் வராது என்றவளிடம் நான் பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. பிடிக்கவில்லை.

அடுத்த மாதம் அவளுடைய அக்காவுக்குப் பிரசவம் என்று நான்கு நாள் லீவு போட்டாள். முதலாளியும் அந்த வாரம் சென்னையில். மதாம் போன் செய்து, ஒரே ஆள் இரண்டு அறை பதிவு செய்ய ஒரு பட்டன் வேண்டும் என்றார். ஒரு அறையின் விவரங்களே இரண்டாவதற்கும் வந்துவிட வேண்டும், தேதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அவள் வந்ததும் செய்யலாம் என்று சொல்லியிருக்கலாம். "நாளைக்கே முடிச்சுத் தரேன், மதாம்" என்றேன்.

ஒன்றரை நாள் ஆனது. அவளுடைய பதிவு கிளாஸைப் படித்துப் பார்த்து, இரண்டாவது பதிவு முதல் பதிவுக்குச் சமம் என்று ஒரு வரி போட்டேன். கீழே தேதியை மாற்றினேன். பரிசோதனையாக ஒரே தேதியில் இரண்டு அறை பதிவு செய்து பார்த்தேன். சரியாக வந்தது. சர்வரில் ஏற்றிவிட்டேன். யாருடைய உதவியும் இல்லாமல் நானாக எழுதி முடித்த முதல் வேலை. அன்று கடற்கரைச் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அவள் லீவு முடிந்து இனிப்புப் பெட்டியோடு வந்தாள். அக்காவுக்குப் பெண் குழந்தை. நான் பட்டன் விஷயத்தைச் சொன்னேன்.

"நீயே போட்டுட்டியா! பாக்கட்டுமா?"

"வேலை செய்யுது. எதுக்குப் பாக்கணும்?"

என் குரல் எனக்கே கொஞ்சம் சுருக்கென்று கேட்டது. அவள் என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு, "சரிடி" என்று இனிப்பை நீட்டினாள். முதலாளிக்கு அனுப்பும் வாராந்திர மெயிலில் "இரண்டு அறை பட்டன் சேர்க்கப்பட்டது" என்று எழுதினேன். யார் சேர்த்தது என்று எழுதவில்லை. எழுத வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் மதாம் மாடிப்படி ஏறி வந்தார். எழுபது வயதுக்காரர், அந்தப் படிகளில் ஏறவே கூடாது. மூச்சு வாங்க, பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் பேசினார். ஒரு பிரெஞ்சுத் தம்பதி தங்களுக்கு இந்தத் தேதியிலும், பின்னால் வரும் மகளுக்கு பத்து நாள் கழித்தும் என்று இரண்டு அறை பதிவு செய்திருக்கிறார்கள். சென்னையில் இறங்கி விடிகிற நேரத்துக்கு வாசலில் வந்து நிற்கிறார்கள். கணக்கில் இரண்டு அறையும் பத்து நாள் கழித்து என்று இருக்கிறது. இன்றைக்கு ஒரு அறையும் காலி இல்லை. அந்த அம்மாவுக்குச் சர்க்கரை நோய். பெட்டி மேல் உட்கார்ந்தவருக்கு அங்கேயே மயக்கம் வந்துவிட்டது.

"அவங்க என் புருஷனோட சிநேகிதரோட தங்கச்சி" என்றார் மதாம். "என் வாசல்ல, தெருவுல, பெட்டி மேல."

அந்த அம்மா தெளிந்துவிட்டார், வேறு இடத்தில் அறை கிடைத்துவிட்டது. முதலாளி அவருக்கு நாற்காலி போட்டுவிட்டு எங்கள் அறைக்கு வந்தார்.

அதற்குள் அவள் ஃபைலைத் திறந்திருந்தாள். நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். திரை மேலே ஓடியது, ஓடியது, ஒரு இடத்தில் நின்றது. நான் போட்ட வரி. அவள் அதைப் படிக்க ஒரு விநாடிகூட ஆகவில்லை. சமம் என்ற குறிக்குப் பக்கத்தில் கர்சரை வைத்து, குளோன் என்று ஒரு சொல் அடித்தாள். சேமித்தாள். சர்வரில் ஏற்றினாள்.

"யார் எழுதினது இது?" என்றார் முதலாளி, வாசலில் நின்றபடி.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. எனக்கு நேரம் கொடுக்கிற மாதிரி பார்த்தாள். நான் கீபோர்டைப் பார்த்தேன். எழுத்துகளுக்கு நடுவே படிந்திருந்த தூசி வரைக்கும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"மேல பேரு இருக்கே" என்றார் அவர். "செக் பண்ண மாட்டியாம்மா? ஒரு உயிர் போயிருந்தா?"

"சரி பண்ணிட்டேன் சார்" என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள்.

பத்து விநாடி இருக்கும். அதற்குள் நான் சொல்லியிருக்கலாம். அன்று மாலை சொல்லியிருக்கலாம். மறுநாள், அடுத்த வாரம். ஒவ்வொரு நாள் தள்ளும்போதும் சொல்வது இன்னும் பெரிய விஷயமாகிக்கொண்டே போனது. முதல் நாளில் அது ஒரு தப்பு. பத்தாம் நாளில் அது பொய்யாகிவிட்டது.

முதலாளி அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அப்படிச் செய்கிற மனிதர் இல்லை. புதிய வேலைகளை என்னிடம் கொடுத்தார். அவளிடம் ஓட்டல்களின் மெனுவை டைப் அடிக்கவும், படங்களை வெட்டிப் போடவும் கொடுத்தார். மதாம் வேலையும் எனக்கு வந்தது. அவள் எழுதிய கிளாஸ்களை வைத்தே அடுத்த மூன்று சைட்டுகளை நான் முடித்தேன். நல்ல பேர் வந்தது.

அவள் என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. சேர்ந்துதான் சாப்பிட்டோம். அக்கா குழந்தைக்குக் காது குத்தியதைச் சொன்னாள், பஸ்ஸில் நடந்த சண்டையைச் சொன்னாள். ஆனால் அந்தக் கோடு போட்ட நோட்டை அப்புறம் திறக்கவில்லை. நானும் எதையும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, "ஊட்டுக்குப் பக்கத்துலயே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். ஆபீஸில் மற்ற ஐந்து பேரும் சேர்ந்து அவளுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தோம். அதை அவள் கையில் கட்டிவிட்டது நான்.

அடுத்த வருஷம் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. இன்டர்வியூவில் கிளாஸுக்கும் ஆப்ஜெக்ட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள். மக் கதையை இங்கிலீஷில் சொன்னேன். எதிரில் இருந்தவர், "இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்ல. எப்படித் தோணுச்சு?" என்று கேட்டார். "சும்மா, தோணுச்சு" என்றேன்.

மூன்று வருஷம் கழித்து, பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்தபோது புது பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். பாகூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவளாகவே கையசைத்தாள்.

கல்யாணமாகிவிட்டதாம். ஒரு தனியார் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. மார்க் ஷீட்டுக்கு அவளே ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். "டவுன்ல ஒரு பெரிய கம்பெனில ஆள் எடுக்குறாங்க. பிஹெச்பிதான். டெஸ்ட் நல்லா எழுதிட்டேன். பழைய கம்பெனியோட எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் கேக்குறாங்க. சார் கோவமா இருந்தாரு, அங்க போய் எப்படிக் கேக்குறதுன்னு உட்டுட்டேன்."

பஸ் ஸ்டாண்ட் இரைச்சலில் நான் சொன்னேன். "அந்த மதாம் வெப்சைட்… அது நான் பண்ணது."

"தெரியும்டி. நான் குளோன் போடாத எழுதுவனா?"

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்." கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு மாசம் பாத்தேன். அப்புறம் தெனமும் உன்ன அப்படிப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க எனக்கே கஷ்டமா இருந்துச்சு."

அவள் குரலில் குற்றச்சாட்டே இல்லை. இருந்திருந்தால் நான் அழுதிருப்பேன், அவள் சமாதானம் சொல்லியிருப்பாள், முடிந்திருக்கும். பஸ் வந்தது. "லெட்டர் நான் வாங்கித் தரேன்" என்று ஓடிப்போய் ஜன்னல் வழியாக அவள் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் முதலாளிக்குப் போன் செய்தேன். லெட்டர் மட்டும் கேட்டேன். மற்றதைச் சொல்லவில்லை, லெட்டர்தானே முக்கியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "பாகூர்லேருந்து வருமே, அந்தப் பொண்ணா? தரேம்மா" என்றார். நான்கு நாளில் மெயிலில் வந்தது. அவள் பெயர், வேலை பார்த்த காலம், நன்னடத்தை. பதவி என்ற இடத்தில் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்.

அப்புறம் மறுபடி போன் செய்தேன்.

"சார், அவ டேட்டா என்ட்ரி இல்ல. உங்க புக்கிங் கிளாஸ் எல்லாம் எழுதினது அவதான்."

"எழுதுச்சு. அதுலதானம்மா பிரச்னை வந்துச்சு?"

"அது அவ தப்பு இல்ல சார். அவ லீவுல இருந்தப்ப நான் மாத்தினேன். என் தப்பு."

அந்தப் பக்கம் யாரோ வண்டி ஹாரன் அடிப்பது கேட்டது.

"அப்படியா" என்றார். பிறகு, "இத்தன வருஷம் கழிச்சு இப்ப எதுக்கும்மா சொல்ற?" என்றார். திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "லெட்டர்ல பதவிய மட்டும் மாத்திக் குடுங்க சார்" என்றேன்.

திருத்திய லெட்டர் வர இன்னும் ஒரு வாரம் ஆனது. ஒரிஜினலைக் கேட்டு வாங்கி, அவள் பள்ளிக்கூட விலாசத்துக்குக் கூரியரில் அனுப்பினேன். மூன்றாம் நாள் மத்தியானம், நான் சென்னை ஆபீஸில் மீட்டிங்கில் இருந்தபோது அவளிடமிருந்து எஸ்எம்எஸ் வந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தாள். லெட்டர் வந்துவிட்டது, பதவி சரியாகப் போட்டிருக்கிறார்கள், அந்த வேலைக்குப் போன வாரமே வேறு ஆள் எடுத்துவிட்டார்கள், பரவாயில்லை.

ஒரு பதில் அடித்தேன். அழித்தேன். வேறொன்று அடித்து அதையும் அழித்தேன். மீட்டிங்கில் என் பெயரைச் சொல்லி யாரோ ஏதோ கேட்டார்கள். "சரி" என்று மட்டும் அடித்து அவளுக்கு அனுப்பிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தேன்.